முயலுக்குத் தீனி வராத வாரம்

செவ்வாயும் புதனும் செகண்ட் லைஃப்வாசிகளுக்குக் கொஞ்சம் உஷாரான நாட்கள். கடற்கரை மேடையில் யாரோ கிடார் வாசித்துக்கொண்டிருப்பார். எதிரே முப்பது பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். திடீரென்று திரையில் ஓர் அறிவிப்பு: இந்த இடம் இன்னும் ஐந்து நிமிடங்களில் ரீஸ்டார்ட் ஆகப்போகிறது. உடனே பாட்டு நிற்கும், ஆளுக்கொரு திசையில் டெலிபோர்ட் ஆவார்கள். அசட்டையாக அங்கேயே நின்றால் லாகின் துண்டிக்கப்பட்டு வெளியே வந்து விழ வேண்டியதுதான். அரை மணி கழித்துத் திரும்பி வந்தால் மேடை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். வாராவாரம் நடக்கிற பராமரிப்பு வேலை இது. நம் ஊரில் மாதம் ஒருநாள் மின்தடை அறிவிப்பது போலத்தான். தெரிந்தவர்கள் அந்த இரண்டு நாட்களில் கல்யாணம் வைத்துக்கொள்வதில்லை.

ஆமாம், அங்கே கல்யாணமும் நடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23-ம் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இணைய உலகம் இது. நிறுவனத்தை 1999-ல் தொடங்கியவர் ஃபிலிப் ரோஸ்டேல். இதை விளையாட்டு என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். ஏனென்றால் இதில் பாயின்ட் கிடையாது, வில்லன் கிடையாது, ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. ஓர் உருவத்தை, அதாவது அவதாரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போனால் நடக்கலாம், பறக்கலாம், வாடகைக்கு வீடு பிடிக்கலாம், திரைச்சீலை மாட்டலாம், கடை போடலாம். அந்த உலகத்தில் இருக்கும் சட்டை, செருப்பு, சோபா, மரம், மழை எல்லாவற்றிலும் பெரும்பகுதி அங்கே வசிப்பவர்களே செய்து விற்பவை. காசுக்குப் பெயர் லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற கணக்கில் பல வருடங்களாக ஓடுகிறது. அதைத் திரும்ப நிஜப் பணமாக மாற்றவும் முடியும். 2006-ல் அங்கே நிலம் வாங்கி விற்ற ஆன்ஷே சுங் என்ற அவதாரின் படத்தை 'பிசினஸ்வீக்' பத்திரிகை அட்டையிலேயே போட்டது.

அந்தப் பரபரப்பு இரண்டு மூன்று வருடங்களில் அடங்கிவிட்டது. பத்திரிகைகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. வசித்தவர்கள்தான் திரும்பவில்லை. அதில் பலருக்கு வலுவான காரணம் உண்டு. உடலால் நடமாட முடியாதவர்கள், நாட்பட்ட நோயோடு வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் எனப் பலருக்கு மாலை நேரத்தில் நாலு பேரைப் பார்த்துப் பேசும் இடம் இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே 'வெர்ச்சுவல் எபிலிட்டி' என்ற அமைப்பு அங்கே ஒரு தீவு வைத்திருக்கிறது. புதிதாக வருபவருக்கு எப்படி நடப்பது, எப்படி உட்காருவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு பொருள் காணாமல்போனால் அது வெறும் கம்ப்யூட்டர் கோளாறு இல்லை.

கோளாறுகளுக்கோ பஞ்சமே இல்லை. லாகின் செய்ததும் முதலில் தெரிவது உடம்பு இல்லை, ஒரு புகைமேகம். உருவத்தின் விவரங்கள் எல்லாம் வந்து சேரும்வரை அப்படித்தான். அந்த மேகம் வருவதற்கு முந்தைய காலத்தில் நிலைமை இன்னும் தமாஷ். விவரம் வந்து சேராவிட்டால் ஆணோ பெண்ணோ, எல்லோரும் 'ரூத்' என்ற ஒரே பெண் உருவமாகத் தெரிவார்கள். 'ஐயோ, ரூத் ஆகிவிட்டேன்' என்பது அப்போது தினமும் கேட்ட புலம்பல். தலையில் இருக்க வேண்டிய முடி, டெலிபோர்ட் ஆகி இறங்கும்போது பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கதையையும் பழைய ஆட்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. தோல் மேல் சட்டை, சட்டை மேல் கோட்டு என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். அவற்றை ஒன்றாக ஒட்டி ஒரே படமாக்கும் வேலையை 2013 வரை அவரவர் கம்ப்யூட்டரே செய்து சர்வருக்கு அனுப்பியது. இணைப்பு சொதப்பினால் மற்றவர் கண்ணுக்குச் சாம்பல் பூசிய உருவம்தான் தெரியும். 2013-ல் அந்த வேலையை சர்வரே எடுத்துக்கொண்டது, தொல்லை பெருமளவு குறைந்தது. இப்போதும் உடை மங்கலாகத் தெரிந்தால் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துவதுதான் முதல் கை வைத்தியம்.

அடுத்த தொல்லை லேக். காலை எடுத்து வைத்தால் மூன்று விநாடி கழித்து நகர்வது. குற்றம் எப்போதும் இன்டர்நெட் மேல் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி பக்கத்தில் நிற்பவரின் ஒட்டியாணம். நுணுக்க வேலைப்பாடு உள்ள ஒவ்வொரு நகையையும் சுற்றியிருக்கும் அத்தனை பேரின் கம்ப்யூட்டரும் வரைந்தாக வேண்டும். அதனால்தான் 2016-ல் ஒரு வசதி வந்தது. அளவுக்கு மீறி கனமான அவதார்களை வரையாமல், ஒரே நிறத்தில் மொழுக்கென்று பொம்மையாகக் காட்டிவிடும். அதற்கு 'ஜெல்லி பொம்மை' என்று பெயர். ஆயிரக்கணக்கில் லிண்டன் டாலர் கொட்டி அலங்கரித்து விழாவுக்கு வருபவர், மற்றவர் திரையில் ரப்பர் பொம்மையாக நிற்பார்.  எவ்வளவு தூரம்வரை காட்சி தெரிய வேண்டும் என்பதை 64 மீட்டருக்குக் குறைத்துவிட்டால் பழைய லேப்டாப்கூட மூச்சு விடும்.

கடலில் வேறு மாதிரித் தொல்லை. இந்த உலகம் 256 மீட்டருக்கு 256 மீட்டர் சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் தனி ரீஜன், ஒவ்வொன்றையும் தனி புரோகிராம் ஓட்டுகிறது. எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஆள், உடை, படகு, படகில் இருப்பவர்கள் என அத்தனையையும் ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் கைமாற்றிவிட வேண்டும். கைமாறும்போது நழுவினால் படகு ஒரு பக்கம், ஆள் கடலடியில். பிளேக் கடலில் பாய்மரப் போட்டி நடத்துபவர்கள் இதற்கென்றே சில பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். கிளம்புமுன் ஸ்கிரிப்ட் ஓடும் நகைகளைக் கழற்றிவிடுவது ஒன்று. நான்கு சதுரங்கள் சந்திக்கும் மூலையைத் தவிர்ப்பது இன்னொன்று. மூலையில் போனால் அடுத்தடுத்து இரண்டு கைமாற்றல்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தொல்லைகள். சிரிக்க முடியாத இடம் இன்வென்ட்ரி. ஒவ்வொருவரும் வாங்கியது, செய்தது, பரிசாக வந்தது எல்லாம் சேரும் பரண் அது. பத்து வருடம் வசித்தவரிடம் ஒரு லட்சம் பொருட்கள் இருப்பது அங்கே ஆச்சரியமே இல்லை. ஒருநாள் காலையில் லாகின் செய்தால் பரணில் பாதியைக் காணோம். அப்போது பதறி எதையும் அழிக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். பொருட்கள் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது பட்டியலின் நகல்தான். அந்த நகல் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்வென்ட்ரி கேஷை மட்டும் அழித்துவிட்டு, கூட்டமில்லாத ஓர் இடத்தில் லாகின் செய்து, தேடும் பெட்டியில் ஏதாவது ஒரு வார்த்தையைத் தட்டினால் பட்டியல் மறுபடி நிரம்பும். இதற்காகவே பழைய ஆட்கள் 'ஹிப்போ ஹாலோ' போன்ற அமைதியான ரீஜன்களின் பெயரை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நேற்று கடை வாசலில் வைத்த பெட்டியைக் காணவில்லை என்றால் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டும். இடத்துக்காரர் திருப்பி அனுப்பிய பொருள் அங்கேதான் வந்து விழும்.

உண்மையிலேயே தொலைந்துபோகும் பொருட்களும் உண்டு. ஒரு பொருளைச் செய்பவர் அதற்கு மூன்று அனுமதிகள் தரலாம், தராமலும் விடலாம்: நகல் எடுப்பது, மாற்றியமைப்பது, பிறருக்குக் கொடுப்பது. நகல் அனுமதி உள்ள நாற்காலி தொலைந்தால் கவலையில்லை, பரணில் மூலம் பத்திரமாக இருக்கும். நகல் அனுமதி இல்லாததைக் கீழே வைத்த கணமே அது பரணைவிட்டு வெளியேறிவிடுகிறது. ரீஜன் தன் நிலவரத்தை அவ்வப்போதுதான் சேமித்துக்கொள்கிறது. வைத்த சில நிமிடங்களில் ரீஜன் எதிர்பாராமல் கிராஷ் ஆனால், திரும்பி எழும்போது அந்தப் பொருள் வந்ததே அதற்கு நினைவில்லை. பரணிலும் இல்லை, தரையிலும் இல்லை. அறிவித்துவிட்டுச் செய்யும் ரீஸ்டார்ட்டில் சேமித்துவிட்டுத்தான் அணைப்பார்கள், பயமில்லை. கூட்டம் நெரியும் விழா இடத்தில் நகல் இல்லாத பொருளை வெளியே எடுப்பதுதான் வம்பு.

இதையெல்லாம் கவனமாகச் செய்தவர்களும் கைபிசைந்து நின்ற ஒரு வாரம் உண்டு. அது 2017 மே மாதம்.

'ஓசிமல்ஸ்' என்ற கடை முயல்கள் விற்றது. சும்மா உட்கார்ந்திருக்கும் பொம்மை முயல் இல்லை. தத்தித் தத்தி ஓடும், பசிக்கும், தீனி தின்னும், ஜோடி சேர்த்தால் குட்டி போடும். குட்டிக்கு என்ன நிறம், என்ன காது என்பது பெற்றோரைப் பொறுத்தது. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் இந்த மாதிரி வளர்ப்புப் பிராணிகள் மேல் அங்கே பைத்தியமாகவே திரிந்தார்கள். அபூர்வ முயல்களுக்கு ஏலம் நடந்தது. தீனியை அந்தக் கடையில்தான் வாங்க வேண்டும். முயல் சாப்பிட்டதா, வயது என்ன, ஜோடி யார் என்பதெல்லாம் செகண்ட் லைஃப் சர்வரில் இல்லை, கடைக்காரரின் சொந்த சர்வரில் இருந்தது. திருட்டு நகல் எடுக்காமல் தடுக்க அது நல்ல வழி. வியாபாரத்துக்கும் நல்ல வழி. முயலுக்கு நல்ல வழியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

2017 மே மாதம் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வழக்காடப் பணமில்லை, மூடுகிறோம் என்று கடைக்காரர்கள் அறிவித்தார்கள். சர்வர் நிற்கப்போகிறது. அதன்பின் முயல் தீனிக் கிண்ணத்துக்கு முன்னால் இருந்தாலும் சாப்பிட முடியாது, ஏனென்றால் 'சாப்பிடலாம்' என்று சொல்ல மறுமுனையில் ஆளில்லை. 72 மணி நேரத்தில் ஒவ்வொன்றாக உறக்கநிலைக்குப் போய்விடும். எழுப்ப வழியில்லை. ஒரே விதிவிலக்கு, கடை முன்பே விற்றுவந்த 'எவர்லாஸ்டிங் டைம்பீஸ்' என்ற ஒரு பொருள். அதை ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்த முயலுக்குத் தீனி தேவையில்லை, சர்வரும் தேவையில்லை. குட்டி போடாது, ஆனால் துள்ளிக்கொண்டிருக்கும். மற்ற முயல்கள் புல்வெளிகளில், வரவேற்பறைகளில், குழந்தை அறை போல அலங்கரித்த கொட்டகைகளில் அப்படியே உறைந்தன. செய்தி சில நாட்களில் வெளியுலகப் பத்திரிகைகளுக்கும் போனது. கம்ப்யூட்டர் முயலுக்கா இவ்வளவு அழுகை என்று கேட்டவர்கள் உண்டு. ஐந்தாறு வருடம் தினமும் தீனி வைத்த கைக்கு அந்தக் கேள்வியே புரியாது.

அந்த வாரத்துக்குப் பிறகு விவரமானவர்கள் எதையும் வாங்குமுன் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: செய்தவர் கடையை மூடினால் இது வேலை செய்யுமா? பிராணி மட்டும் இல்லை. வெளி சர்வரைக் கேட்டுத்தான் இயங்கும் வாடகைப் பெட்டி, மொழிபெயர்ப்புக் கருவி, இசைப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். கூகுள் 2011 டிசம்பரில் தன் பழைய மொழிபெயர்ப்புச் சேவையின் இலவச வாசலை மூடியபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின.

நிலத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். முழு ரீஜன் ஒன்று நெடுங்காலம் மாதம் 295 டாலர், 2018-ல் 249 ஆக இறங்கியது. கட்டுவது நின்றால் இடம் திரும்பப் போய்விடும், அதன் மேல் இருந்த கோட்டை கொத்தளம் பரணுக்குத் திரும்பும். பென்சில்வேனியா வக்கீல் மார்க் பிராக் 2006-ல் இதைக் கோர்ட்டுக்கே கொண்டுபோனார். ஏலத்தில் குறுக்கு வழியில் மலிவாக நிலம் வாங்கினார் என்று நிறுவனம் அவர் கணக்கை முடக்கி, நிலத்தையும் பணத்தையும் எடுத்துக்கொண்டது. நிலம் உங்கள் சொந்தம் என்று விளம்பரம் செய்தவர்கள் எப்படிப் பிடுங்கலாம் என்பது அவர் வாதம். சமரசத் தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்ற நிறுவனத்தின் ஒப்பந்த நிபந்தனையை 2007 மே மாதம் கோர்ட் ஏற்க மறுத்தது. பிறகு இருதரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். ஆக, அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அந்த வழக்கில் பதிலே வரவில்லை.

இனி கைக்கு உதவும் கருவிகள். நிறுவனம் தன் வியூவரின் மூல நிரலை 2007 ஜனவரியில் திறந்துவிட்டது. அதிலிருந்து பலர் பலவிதமாக வியூவர் செய்தார்கள். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 'ஃபயர்ஸ்டார்ம்'. தன்னார்வலர்கள் செய்து இலவசமாகத் தருவது. அக்கம்பக்கம் யார் வந்திருக்கிறார்கள் என்று காட்டும் ரேடார், மண்ணுக்குள் புதைந்துபோன பொருளைக் கண்டுபிடிக்கும் ஏரியா சர்ச் எல்லாம் அதிலேயே உண்டு. அவதார்களின் இயல்பான நடைக்கு அங்கே 'வாத்து நடை' என்று பட்டப்பெயர். அதை மாற்றி மனுஷ நடை தரும் வசதியும் சேர்ந்தே வருகிறது.

இலவசம் என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நிறுவக் கூடாது. ஒரு காலத்தில் 'எமரால்டு' என்ற வியூவர்தான் கொடிகட்டிப் பறந்தது. அதன் லாகின் பக்கம், திறந்தவர்களுக்கே தெரியாமல், தங்களை விமர்சித்த ஒருவரின் இணையதளத்தை மறுபடி மறுபடி அழைத்துத் திணறடிக்கும்படி எழுதப்பட்டிருந்தது 2010 ஆகஸ்ட்டில் வெளியானது. அதோடு அதன் கதை முடிந்தது. உள்ளே கிடைக்கும் பரிசுப் பெட்டிகளிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். பெட்டியைத் தொட்டதும், 'உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி வேண்டும்' என்று கேட்டால் மறுத்துவிடலாம். பரிசு தருகிறவருக்கு எடுக்க என்ன வேலை? வாடகை வசூல், கடை கல்லா போன்ற சில கருவிகளுக்குத்தான் அந்த அனுமதி நியாயமாகத் தேவை. யாராவது தள்ளிவிட்டு விளையாடினால் பக்கத்தில் இருக்கும் எந்த நாற்காலியிலாவது உட்கார்ந்துவிட்டால் போதும், தள்ள முடியாது.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ரீஜன்கள் பொது, மிதம், வயது வந்தோர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 16, 17 வயதினருக்குப் பொதுப் பகுதி மட்டும்தான். போனுக்கான ஆப் 2024-ல் சோதனை வடிவில், முதலில் சந்தா கட்டியவர்களுக்கு வந்தது. போய்ப் பார்க்க, பேச போன் போதும். வீடு கட்டுவதற்குக் கம்ப்யூட்டர்தான் சரி.

பார்வையற்றவர்களும் அங்கே வசிக்கிறார்கள். படமே இல்லாமல் எழுத்தில் இயங்கும் 'ராடகாஸ்ட்' என்ற இலவச மென்பொருள் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. அருகில் யார், என்ன பேசினார், என்ன பொருட்கள் இருக்கின்றன என்பதை அது பட்டியலாகத் தர, குரலாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களின் குறை ஒன்றுதான். அங்கே ஒரு பொருளைப் புதிதாக உருவாக்கினால் அதற்குத் தானாக விழும் பெயர் 'ஆப்ஜெக்ட்'. பலர் அதை மாற்றுவதே இல்லை. அழகான ஒரு பூங்காவுக்குள் போனால் காதில் விழுவது ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் என்றுதான். பெஞ்சு என்றோ வேப்பமரம் என்றோ பெயர் மாற்றப் பத்து விநாடி ஆகும்.